இஸ்தோப்பு வரைக்கும்தான்

தகரக் கூரையின் கீழே வகுப்பு எடுத்தவர்களுக்குத் தெரியும், மழை இறங்கிவிட்டால் வாத்தியார் வாயைத் திறந்து ஒரு பயனும் இல்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் நான் உயர்தர உயிரியல் எடுக்கும் இடமும் தகரக் கூரைதான். அதனால் ஜூன் மாதம் வந்தாலே பேச்சைக் குறைத்துப் படத்தைக் கூட்டிவிடுவேன். சென்ற வருடம் அப்படி ஒரு சனிக்கிழமை, மழை கொட்டிக்கொண்டிருக்க, பதினொரு வருடமாக வரைகிற அதே படத்தைப் பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். கோப்பி இலையின் குறுக்குவெட்டு, அடிப்பக்கத்தில் இலைவாய், அதற்குள் நுழைகிற துரு நோய்ப் பங்கசின், அதாவது பூஞ்சையின், இழை. இழை கலங்களுக்கு இடையில் நெளிந்து போகும். அங்கிருந்து ஒரு சின்னக் கழுத்து கலச்சுவரைத் துளைத்துக்கொண்டு போய், கலத்தின் நடுவே பலூன் மாதிரி உப்பும். அந்தப் பலூனுக்குப் பருகி என்று பெயர் எழுதி அம்புக்குறி போட்டால் படம் முடிந்தது. பிள்ளைகள் கலர் பென்சிலை எடுப்பார்கள்.

இரண்டாவது வாங்கில் இருந்த பிள்ளை மட்டும் எடுக்கவில்லை. மழைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டது. "சேர், மென்சவ்வு எங்க சேர்?" கலச்சுவருக்கு உள்பக்கம் கலத்தை மூடியிருக்கிற மெல்லிய தோலைத்தான் கேட்டது.

"அதையும் துளைச்சிட்டுத்தான் உள்ள போகுது" என்றேன் நானும் கத்தி.

"ஓட்டை விழுந்தா கலம் செத்துருமே சேர். செத்த கலத்துல இருந்து அது என்னத்த உறிஞ்சும்?"

இதற்கு நான் சொன்ன பதில் "அது பரீட்சைக்கு வராது." பிள்ளை சரி என்று தலையாட்டிவிட்டு வரைய ஆரம்பித்தது. எனக்குத்தான் சரியாகவில்லை. ஹட்டனிலிருந்து வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், கண்ணாடியில் ஓடுகிற மழையைப் பார்த்துக்கொண்டே, என் குறிப்புக் கொப்பியை மனதுக்குள் புரட்டினேன். அதில் இரண்டு வசனங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலாவது, "பருகி கலத்தைத் துளைத்து உட்செல்லும்." இரண்டாவது, "இப்பங்கசு உயிருள்ள கலங்களில் மட்டுமே வாழும்." பதினொரு வருடம் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஒன்றை ஒன்று கடிக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு, அதுவும் மழைச் சத்தத்தில், தோன்றிவிட்டது.

வேறு நோயாக இருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். கோப்பித் துரு நமக்கு வெறும் பாடமில்லை. நம் ஆட்களை இந்த மலைக்கு நடத்திக்கொண்டு வந்தது கோப்பி. அந்தக் கோப்பியைத் தின்று தீர்த்தது இந்தப் பங்கசு. 1869இல் மடுல்சீமைப் பக்கம் ஆரஞ்சு நிறப் பொடியாக இலையின் அடியில் தெரிந்தபோது துரைமார் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பெயர் வாயில் நுழையாமல் 'நாசகார எமிலி' என்று கேலிகூடச் செய்திருக்கிறார்கள். இருபது வருடத்துக்குள் கோப்பி போய், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் நட்டுப் பார்த்த தேயிலை எல்லா மலையையும் பிடித்துக்கொண்டது. இடையில் 1880இலிருந்து 1882 வரை மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இங்கே வந்து தங்கி, காற்றில் வருகிற வித்தி ஈர இலையில் முளைத்து இலைவாய் வழியாக உள்ளே போவதைப் படிப்படியாகப் பார்த்து எழுதினார். நான் பலகையில் வரைகிற படத்தின் முதல் பாதி அவர் கண்டதுதான். மற்றப் பாதியை அவர் காலத்து நுணுக்குக்காட்டியால் பார்க்க முடியாது. மென்சவ்வு அவ்வளவு மெல்லியது. ஒரு மில்லிமீற்றருக்குள் ஒரு இலட்சம் மென்சவ்வை அடுக்கலாம்.

அந்தக் கிழமை முழுக்க இரவில் உட்கார்ந்து வாசித்தேன். இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்தபிறகு, 1960களில், துரு நோய் பிடித்த கலங்களைச் சீவிப் படம் எடுத்திருக்கிறார்கள். பருகி கலச்சுவரைத் துளைக்கிறது, அது உண்மை. மென்சவ்வைத் துளைப்பதில்லை. சுவரைத் தாண்டி வந்த பருகி தள்ளத் தள்ள, கலம் தன் மென்சவ்வை உள்ளே மடித்துக் கொடுக்கிறது. கொடுக்கிறது என்றால் இருந்ததை இழுத்துக் கொடுப்பது மட்டுமில்லை, புதிதாகச் செய்தும் போர்த்துகிறது. கடைசியில் படத்தில் கலத்தின் நடுவே இருப்பது போலத் தெரிகிற பருகி, உண்மையில் கலத்துக்கு வெளியேதான் இருக்கிறது. அதைச் சுற்றி முழுதாகச் செடியின் மென்சவ்வு.

வாசித்தேன், புரிந்தது. ஆனால் மனதில் உட்காரவில்லை. உள்ளே இருக்கிறது, ஆனால் வெளியே இருக்கிறது என்று அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளிடம் போய் எப்படிச் சொல்வது?

பெரியப்பா வந்த வருசம்

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மா இன்னும் தோட்டத்து வரிசை வீடான பழைய லயத்தில்தான் இருக்கிறார், எத்தனை முறை கூப்பிட்டும் வரமாட்டார். பின்னால் நாலு பாத்தி போஞ்சி போட்டிருக்கிறார், அதை யார் பார்ப்பது என்பார். நான் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள் அறையான காம்பராவுக்குள் போகிற நிலையின் இரண்டு பக்கமும் பழைய ஆணி இரண்டு இன்னும் இருக்கிறது, துருப்பிடித்து. அதைப் பார்த்தவுடன் எனக்குப் பெரியப்பா நினைவு வந்தது.

அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தவர், எனக்கு ஒன்பது வயதில் மாரியம்மன் திருவிழாவுக்கு என்று ஒரு பையோடு வந்தார். தேர் முடிந்தது, காப்பு அவிழ்த்தாயிற்று, பெரியப்பா போகவில்லை. எட்டு மாதம். எங்கள் வீடு ஒரு இஸ்தோப்பு, ஒரு காம்பரா. காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதில் அப்பா, அம்மா, நான், தங்கச்சிகள் இரண்டு பேர். பெரியப்பா இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் படுத்தார். ஒருநாளும் காம்பராவுக்குள் கால் வைக்கவில்லை, அந்த விசயத்தில் மனிதர் சுத்தம். அம்மாதான் அவர் வந்த மூன்றாம் நாள் தன் பழைய சேலை ஒன்றை இந்த இரண்டு ஆணியில் கட்டித் திரை போட்டார். அந்தத் திரைக்கு அடியால் காலையில் ரொட்டியும் சம்பலும் போகும், பகலில் சோறு போகும், பின்னேரம் தேத்தண்ணி போகும்.

"பெரியப்பா உள்ளயே வரலதானே அம்மா?" என்று சும்மா கேட்டேன்.

"எங்க உள்ள வந்தாரு" என்றார் அம்மா, போஞ்சியை ஒடித்துக்கொண்டே. "இஸ்தோப்பு வரைக்கும்தான். ஆனா உள்ள இருந்தவங்கள விட நெறய தின்னாரு."

பிளேன்டீ கையிலேயே ஆறிவிட்டது. ஒரு கிழமையாக வாசித்தும் உட்காராத படம் ஒரே வசனத்தில் உட்கார்ந்துவிட்டது. கலச்சுவர் என்பது லயத்தின் வெளிச்சுவர். அதைத் தாண்டினால் வருவது இஸ்தோப்பு. காம்பரா என்பது மென்சவ்வுக்கு உள்ளே இருப்பது. பருகி இஸ்தோப்பில் சாக்கு விரித்திருக்கிற பெரியப்பா. திரையை அவர் கொண்டுவரவில்லை. அம்மா தன் சேலையைக் கிழித்துத் தானே கட்டியது. சாப்பாடு அந்தத் திரை வழியாகத்தான் போனது.

சும்மா ஒப்புமைக்காகச் சொல்லவில்லை, நுணுக்கத்திலும் இது பொருந்துகிறது. பருகியைச் சுற்றிச் செடி போடுகிற அந்தப் போர்வை, கலத்தின் மற்றப் பக்கத்து மென்சவ்வு மாதிரி இல்லை. வழக்கமான மென்சவ்வில் இருக்கிற பல புரதங்கள் அதில் காணப்படுவதில்லை. அம்மா கட்டியதும் கல்யாணச் சேலை இல்லையே, மலைக்குக் கட்டிச் சாயம் போனதுதான். துரு நோய்ப் பங்கசு தன் பக்கத்து மென்சவ்வில் வெல்லத்தை இழுக்கிற புரதங்களைப் பொருத்தி வைத்திருக்கிறது, இதையும் ஆட்கள் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த இரண்டு தோல்களுக்கும் இடையிலான ஒரு ஒடுக்கமான இடம், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு முழம் இஸ்தோப்பு, அங்கேதான் எல்லாக் கொடுக்கல் வாங்கலும் நடக்கிறது.

வாசலில் யார்

அதுக்கப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. திரை சரி, ஆனால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று கலத்துக்கு எப்படித் தெரிகிறது? கண் இல்லை, மூக்கு இல்லை, இரத்தத்தில் ஓடித் திரிகிற வெண்குழியம் மாதிரி எதுவும் இல்லை. ஒவ்வொரு கலமும் தன் வாசலைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மென்சவ்வில் வாங்கிகள் நிற்கின்றன, வெளியே வந்ததைப் பிடித்து உள்ளே சேதி சொல்கிற புரதங்கள். ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு பகுதி உள்ளே. வெளியே இருக்கிற பகுதி வந்தவனின் முழு உருவத்தைப் பார்ப்பதில்லை. பற்றீரியா நீந்துவதற்கு வைத்திருக்கிற சவுக்கு முளை இருக்கிறதே, அதன் புரதத்தில் 22 அமினோ அமிலம் நீளமான ஒரு துண்டு. அவ்வளவுதான் பார்க்கிறது. எஃப்.எல்.எஸ்.2 என்று அந்த வாங்கிக்குப் பெயர், அரபிடொப்சிஸ் என்ற சின்னக் கடுகுச் செடியில் 2000ஆம் ஆண்டு கண்டுபிடித்தார்கள். ஏன் அந்தத் துண்டு? பற்றீரியா அதை மாற்றினால் நீந்த முடியாது, மாற்றாவிட்டால் மாட்டிக்கொள்ளும். இருட்டில் ஆளைத் தெரியாவிட்டாலும் இருமலை வைத்துச் சொல்லுவார்களே, அந்த மாதிரி. பங்கசுக்கு அப்படி மறைக்க முடியாத சாமான் கைற்றின், அதன் சுவரைக் கட்டியிருக்கிற முக்கியப் பொருள்களில் ஒன்று. செடி தன் நொதியங்களை வெளியே விட்டுப் பங்கசின் சுவரைக் கொறிக்கிறது, உதிர்கிற கைற்றின் துண்டுகளை இன்னொரு வாங்கி பிடிக்கிறது.

துண்டு வந்து ஒட்டியதும் அந்த வாங்கி பக்கத்தில் நிற்கிற இன்னொரு புரதத்தோடு கைகோக்கிறது. அதுதான் சைகை. ஒரு நிமிசம் இரண்டு நிமிசத்துக்குள் கல்சியம் கதவுகள் திறக்கின்றன. கலத்துக்கு வெளியே இருக்கிற கல்சியத்தில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் சாதாரணமாக உள்ளே இருக்கும், அதனால் கதவு கொஞ்சம் திறந்தாலே பாய்ந்து வருகிறது, அந்தப் பாய்ச்சல்தான் உள்ளே இருக்கிற எல்லோரையும் எழுப்புகிற சத்தம். அடுத்த சில நிமிசங்களில் மென்சவ்வில் இருக்கிற ஒரு நொதியம் வெளிப்பக்கத்து ஒட்சிசனுக்கு ஒரு இலத்திரனை ஏற்றிவிடுகிறது, அது ஐதரசன் பரவொட்சைட்டாக மாறுகிறது. காயத்துக்கு ஊற்றினால் நுரைக்கிற அதே மருந்து. இலைவாய்கள் மூடிக்கொள்கின்றன. இலையில் பற்றீரியா பட்டால் இலைவாய் மூடும் என்று 2006இல் காட்டினார்கள். நாங்கள் படித்த காலத்தில் இலைவாய் என்றால் நீருக்கும் வாயுவுக்கும் மட்டும். அதே ஆய்வில், மூடின இலைவாயை மறுபடி திறக்க வைக்க ஒரு நஞ்சைச் சுரக்கிற பற்றீரியாவையும் கண்டார்கள். கதவைச் சாத்தினால் சன்னலில் தட்டுகிற கூட்டம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். செடிக்கு எல்லாம் தெரியும், செடி பேசும், பாட்டுப் போட்டால் வளரும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. இதில் தெரிவது, யோசிப்பது என்று எதுவும் இல்லை. ஒரு புரதத்தில் ஒரு துண்டு பொருந்துகிறது, கதவு திறக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு நம்மிடம் இருக்கிற வார்த்தை எல்லாம் வீட்டு வார்த்தைதான், நானும் வேறு எங்கே போவது.

சுவருக்கு மேலே

லயத்தில் வளர்ந்தவர்களுக்குத் தனிமை என்ற வார்த்தை புத்தகத்தில்தான் அறிமுகம். எங்கள் லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையில் சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் திறந்திருக்கும். முதலாம் காம்பராவில் குழந்தை அழுதால் ஆறாம் காம்பராவில் ஆரோ "பாலைக் குடுடி" என்பார்கள். செடியின் கலங்களும் இப்படித்தான். சுவரில் நுண்ணிய துளைகள், முதலுரு இணைப்புகள். அதன் வழியாகப் பக்கத்துக் கலத்துக்கு வெல்லமும் போகும், செய்தியும் போகும். இதில் என் லயக் கணக்கு ஓரிடத்தில் உடைகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மென்சவ்வு ஒவ்வொரு காம்பராவிலும் தனித்தனித் துணி இல்லை. துளை வழியாக அது பக்கத்துக் கலத்துக்குள் ஓடி, அங்கிருந்து அடுத்ததற்கு ஓடுகிறது. முழு லயத்துக்கும் தைக்காத ஒரே சேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எந்த லயமும் இல்லை.

கைற்றினோ சவுக்கு முளைத் துண்டோ பட்டால், அந்தத் துளைகளின் கழுத்தில் கலோசு என்ற பசை படிந்து அடைத்துக்கொள்கிறது. எனக்கு அம்மை போட்டபோது அம்மா படங்கை மடித்துச் சுவருக்கு மேலே இருந்த இடைவெளியில் செருகினது ஞாபகம் இருக்கிறது, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. ஆனால் துளையை அடைத்துவிட்டுச் செடி சும்மா இருப்பதில்லை. வெளியே விட்ட அந்த ஐதரசன் பரவொட்சைட்டு பக்கத்துக் கலத்தின் கல்சியத்தைக் கிளப்பும், அது அடுத்ததைக் கிளப்பும். புழு கடித்த இலையிலிருந்து கல்சியம் அலை செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் மற்ற இலைக்கு ஓடுவதை 2018இல் ஒளிரும் புரதம் வைத்துப் படமாகவே எடுத்துவிட்டார்கள். நான் பார்த்தேன். இருட்டில் ஒரு செடி, கடித்த இடத்தில் பச்சை வெளிச்சம், அது காம்பு வழியாக நடுவுக்கு வந்து தூரத்து இலைக்குப் பிரிந்து போகிறது. பிள்ளைகளுக்கும் போனில் காட்டினேன். "பேய் மாதிரி இருக்கு சேர்" என்றார்கள்.

இன்னொரு வழி மணம். நோய் பிடித்த இலையில் சலிசிலிக் அமிலம் கூடும், அதில் கொஞ்சம் மெதைல் சலிசிலேற்றாக மாறும், அது இலைக்குள் ஓடியும் போகும், காற்றிலும் கலக்கும். புகையிலைச் செடியில், நோய் பட்ட இலையிலிருந்து நல்ல இலைக்குப் போகிற செய்தி இதுதான் என்று 2007இல் காட்டினார்கள். நல்ல இலை அதைத் திரும்பச் சலிசிலிக் அமிலமாக்கித் தயாராகிக்கொள்ளும். இந்தப் பெயரை வாசித்தபோது எங்கேயோ பார்த்த பெயர் என்று தோன்றி, அம்மாவின் தலைமாட்டில் இருக்கிற கோடாலித் தைலப் போத்தலை எடுத்து லேபலை வாசித்தேன். இருக்கிறது. கொழுந்துக் கூடை சுமந்த தோளுக்கு அம்மா இத்தனை வருடம் தேய்த்தது அதைத்தான். அதோடு முடியவில்லை. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று காய்ச்சுகிற காலத்தில் ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி மணம் வருமே, ஏலத்தில் விலை ஏறுமே, அந்த மணத்தில் பெரிய பங்கு மெதைல் சலிசிலேற்றுக்குத்தான். காய்ந்த காற்றில் செடி படுகிற பாடு கொழுந்தில் மணமாகிறது. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப ஊவாக்காரன் தைலத்தக் காய்ச்சித்தான் குடிக்கிறானா" என்றார்.

நம் தேயிலைக்கும் வாசலில் ஒருவன் நிற்கிறான், கொப்புள நோய். 1946இல் இலங்கைக்கு வந்தது. மூடுபனியும் தூறலுமாக நாள் கணக்கில் வெயில் காணாமல் இருந்தால் இளம் இலையில் முதலில் எண்ணெய் பட்ட மாதிரிப் புள்ளி, அப்புறம் மேலே குழி, அடியில் வெள்ளைக் கொப்புளம். முற்றின இலையை அது தொடாது. நாம் பறிக்கிற கொழுந்தைத்தான் தேடி வரும். தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பள்ளிக்கூடக் காலத்திலேயே தெரியும். மழைக்கு முன் நிழல் மரத்தின் கிளையை வெட்டுவதும், செம்பு மருந்து அடிப்பதும் அதனால்தான். வித்திக்கு வெயில் ஆகாது.

போஞ்சிப் பாத்தி

என் ஒப்புமையில் எனக்கே பிடிக்காத ஒரு விசயம் வந்தது போஞ்சியால்தான். அம்மா ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினார், வேர்ச் சிறுகணுக்கள், சின்னச் சின்ன முத்து மாதிரி. உள்ளே றைசோபியம் பற்றீரியா, காற்றிலிருந்து நைதரசனை எடுத்துச் செடிக்குக் கொடுக்கிற நல்ல விருந்தாளி. இது காம்பராவுக்குள் போயிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை. ஒரு கணுக் கலத்துக்குள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், ஒவ்வொன்றையும், சில சமயம் பலதைச் சேர்த்து, செடியின் மென்சவ்வு சுற்றிப் போர்த்தியிருக்கிறது. நல்லவனுக்கும் இஸ்தோப்புதான், கெட்டவனுக்கும் இஸ்தோப்புதான்.

அதைவிட இன்னொன்று. றைசோபியம் தன் வருகையைச் சொல்ல அனுப்புகிற மூலக்கூறு, கைற்றினின் அதே கண்ணிகள் நாலைந்து கோத்து, வாலில் ஒரு கொழுப்பமிலம் தொங்கவிட்டது. பங்கசைக் காட்டிக்கொடுக்கிற கைற்றின் துண்டு ஏழெட்டுக் கண்ணி. இரண்டையும் பிடிக்கிற வாங்கிகள் ஒரே குடும்பம், அண்ணன் தம்பி மாதிரி. அதாவது திருடன் தட்டுகிற தட்டுக்கும் சொந்தக்காரன் தட்டுகிற தட்டுக்கும் இவ்வளவுதான் வித்தியாசம். சில பங்கசு இதிலும் கெட்டிக்காரன். தக்காளி இலையில் வருகிற ஒன்று, உதிர்ந்த தன் கைற்றின் துண்டுகளை வாங்கிக்குக் கிடைக்காமல் தானே பொறுக்கிக்கொள்ள ஒரு புரதம் வைத்திருக்கிறது. சுவடு வைத்துவிட்டுப் பின்னாலேயே பெருக்கிக்கொண்டு போகிற ஆள்.

திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் குரல் உள்ளே வருமே, அதுதான் பெரிய சிக்கல். பருகி புரதங்களைச் செய்து மென்சவ்வைத் தாண்டிக் கலத்துக்குள் அனுப்புகிறது. அவை போய் எச்சரிக்கை மணியை நிறுத்தும், வெல்லத்தை இந்தப் பக்கம் திருப்பும். பெரியப்பாவுக்கும் அந்தக் குரல் இருந்தது. "புள்ள, சம்பலுக்குக் கொஞ்சம் மாசி போட்டா நல்லாருக்கும்" என்பார் திரைக்கு அப்பாலிருந்து, அம்மா முணுமுணுத்துக்கொண்டே போடுவார். கலமும் பதிலுக்குச் சும்மா இருப்பதில்லை. குட்டிக் குமிழ்களில் சிறு ஆர்.என்.ஏ துண்டுகளைக் கட்டி வெளியே அனுப்பி, பங்கசின் மரபணுவையே அடக்கிப் பார்க்கிறது, 2018இல் சாம்பல் பூஞ்சணத்தில் இதைக் கண்டார்கள். அம்மாவும் கடைசி இரண்டு மாதம் பெரியப்பாவின் பங்கில் மட்டும் உப்பை அள்ளிப் போட்டதாக இப்போதுதான் ஒத்துக்கொண்டார்.

"அப்ப எப்படித்தாம்மா போனாரு?" என்று கேட்டேன். எனக்கு அது ஞாபகமில்லை. ஒருநாள் இருந்தார், ஒருநாள் இல்லை, அவ்வளவுதான்.

அம்மா போஞ்சி நாரைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். "மூனு நாள் அடுப்பு பத்த வைக்கல தம்பி. ஒங்கள இழுத்துக்கிட்டு அம்மாயி வீட்டுக்குப் போயிட்டேன் மேல் லயத்துக்கு. காம்பராவப் பூட்டிட்டேன். அப்பாவும் ஸ்டோர்லயே படுத்துக்கிட்டாரு. நாலாம் நாள் வந்து பாக்குறேன், சாக்கு மடிச்சு வச்சிருக்கு."

நான் அப்படியே இருந்துவிட்டேன். ஏனென்றால் செடி செய்வதும் அதையேதான், வேறு மாதிரி இல்லை. உள்ளே வந்த பங்கசுப் புரதத்தை அடையாளம் காண்கிற காவலாளிப் புரதங்கள் கலத்துக்குள் உண்டு. அவை விழித்துவிட்டால் அந்தக் கலம் தன்னைத் தானே கொன்றுகொள்கிறது, பக்கத்தில் இருக்கிற சிலதும் சேர்ந்து. இலையில் ஒரு சின்னக் கருகல் புள்ளி. உயிருள்ள கலத்தில் மட்டும் வாழத் தெரிந்த துரு, செத்த கலத்தில் பட்டினி கிடந்து போகிறது. அந்தப் பிள்ளை கேட்டதே, செத்த கலத்திலிருந்து அது என்னத்த உறிஞ்சும் என்று. அந்தக் கேள்வியே பதில். மழைக்கு மேலே கத்தி அது சொன்னதை நான் பரீட்சைக்கு வராது என்று மூடினேன்.

அடுத்த சனிக்கிழமை மழை இல்லை. பலகையில் மறுபடி அதே இலையை வரைந்தேன், கலச்சுவரை வரைந்தேன், பிறகு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு வெண்கட்டியைக் கொடுத்து மென்சவ்வை நீயே போடு என்றேன். பலூனைச் சுற்றி வளைத்துக்கொண்டு வந்து கழுத்துக்கிட்டே நின்றுவிட்டது. "இந்த எடத்துல இடைவெளி இருக்குமா சேர், ஒட்டிக்கிட்டு இருக்குமா?" துரு நோயில் கழுத்தைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது, அங்கே இறுக்கி அடைத்திருக்கும், அதனால் இஸ்தோப்புச் சாமான் வெளியே கசியாது என்றேன். இஸ்தோப்பு என்றதும் வகுப்பு சிரித்தது. பெரியப்பா கதையையும் சொன்னேன், பெயர் சொல்லாமல். "இந்தா இதுதான் அம்மா சேலை" என்று கடைசி வாங்குப் பையன் ஒருவன் கொப்பியில் பெயரிட்டே வைத்துவிட்டான். பரீட்சையில் அப்படி எழுதாதே என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம் எனக்கு இன்னொரு உறுத்தல். பதினொரு வருடத்துப் பிள்ளைகள் தப்பான படத்தோடு போயிருக்கிறார்களே. பழைய வகுப்புகளின் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் உயிர் வரும். திருத்தின படத்தைப் போட்டோ எடுத்துப் போட்டு, நான் சொல்லிக்கொடுத்தது தவறு, மென்சவ்வு துளைபடுவதில்லை என்று நீளமாக எழுதினேன். நாலைந்து பேர் கும்பிடு போட்டார்கள். பேராதனையில் விவசாயம் படித்துவிட்டு இப்போது வெளிக்கள வேலையில் இருக்கிற ஒருவன் மட்டும், இரவு பதினொரு மணிக்குப் பதில் போட்டான். "கெம்பஸ்ல ரெண்டாம் வருசமே தெரிஞ்சிருச்சு சேர். உங்ககிட்ட சொல்ல ஒரு மாதிரியா இருந்திச்சு."